ஆறாவது சிபாரிசுக் கடிதம்

திருமுல்லைவாயில்,
வெள்ளிக்கிழமை.

அன்பு மாப்பிள்ளை அசோக்குக்கு, உன் அக்கா வீட்டுக்காரன் ஜெயராமன் மனதார ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உன் அக்கா சுலோசனாவும் மாசிலாமணீஸ்வரர் புண்ணியத்தில் சௌக்கியம். அங்கே டெல்லியில் நீயும் ரேஷ்மாவும் குழந்தையும் அதைவிடச் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சௌக்கியம் என்று முதலில் எழுதிவிட வேண்டும் என்பதால் எழுதினேன். உண்மையில் எனக்கு நான்கு நாளாகத் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, வாசலில் பைக் நின்றால் யாரோ கேள்வி கேட்க வந்துவிட்டார்கள் என்று பின்பக்கம் ஓடுகிறேன். எல்லாவற்றுக்கும் காரணம் நீ. கோபித்துக்கொள்ளாதே, உன்மேல் தப்பில்லை. உன்னைப் பற்றி நான் வெளியே சொன்னதில்தான் தப்பு.

போனில் சொல்லக் கூடாதா என்பாய். போனில் நான் இரண்டாவது வாக்கியத்துக்குப் போவதற்குள் நீ மீட்டிங்கில் இருப்பதாகச் சொல்லிவிடுகிறாய். போன மாதம் மட்டும் பதினோரு மீட்டிங். ஆகையால் ஸ்பீடு போஸ்ட். இதை முழுக்கப் படி. நடுவில் தாண்டாதே. கடைசியில் உனக்கு இரண்டு வேலை வைத்திருக்கிறேன், இரண்டும் வருகிற வியாழக்கிழமைக்குள் ஆக வேண்டும்.

நம் முல்லைக்கொடி நகருக்கும் சி.டி.எச். ரோட்டுக்கும் நடுவே மத்திய அரசாங்கத்தின் ஒரு இலாகாவுக்குச் சொந்தமான காலி நிலம் கிடக்கிறது அல்லவா, அதன் குறுக்கே போகும் மண் பாதையில்தான் நீ ஸ்கூட்டர் பழகி இரண்டு முறை விழுந்தாய். (அந்த இலாகாவின் பெயரை நான் எழுதப் போவதில்லை. கடிதம் யார் கையில் வேண்டுமானாலும் சிக்கும். அந்த இலாகா என்றே எழுதுகிறேன், நீ புரிந்துகொள்.) செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் காலை ஆறு மணிக்கு மேல் உன் அக்காவை பாபுவின் ஆட்டோவில் ஏற்றி இந்தப் பாதை வழியாகத்தான் டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகிறேன். ஏழு நிமிஷம். போன ஐப்பசி மழையில் பாதையில் இடுப்பளவு தண்ணீர் நின்ற அன்று மட்டும் ரயில்வே கேட்டைச் சுற்றிக்கொண்டு போனோம். போகும்போது ஒன்றுமில்லை. திரும்பும்போது கேட் மூடி, ஒன்றன்பின் ஒன்றாக மூன்று வண்டி போகிறவரை முன்னாலும் நகர முடியாமல் பின்னாலும் நகர முடியாமல் நின்றோம். உன் அக்காவுக்குப் பிரஷர் இறங்கி, என் தோளில் சாய்ந்து, கண் சொருகிவிட்டது. கூப்பிட்டால் பதிலில்லை. முப்பத்தைந்து நிமிஷம். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. உன்னிடம் அப்போது சொல்லவில்லை, சொன்னால் நீ லீவு போட்டுக் கிளம்பி வருவாய், வந்து என்ன செய்யப் போகிறாய் என்று விட்டுவிட்டேன்.

மாசி மாதம் அந்த நிலத்தின் ஓரத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். இந்தியிலும் இங்கிலீஷிலும் இருந்ததால், புதிதாக இன்டர்நெட் கனெக்‌ஷன் கொடுக்கிறார்கள் என்று நினைத்து ஒரு வாரம் யாரும் கிட்டே போகவில்லை. போனபோது பாதியை ஆடு தின்றிருந்தது. மிச்சப் பாதியை நம் மாடி வீட்டில் குடியிருக்கும் கிருஷ்ணப்பிரியா படித்துச் சொன்னாள். (கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிற பெண், சிவகாசிப் பக்கம்.) நிலத்தைச் சுற்றி மதில் சுவர் எழுப்பப் போகிறார்களாம். டெல்லியிலிருந்து அனுமதி வர வேண்டியதுதான் பாக்கியாம். உன் அக்கா அன்று ராத்திரி அரிசி களையும்போது, கேட்டைச் சுற்றிப் போவதென்றால் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் நகர் நலச் சங்கத்தின் அவசரக் கூட்டம். பன்னிரண்டு அடி அகலத்துக்குப் பாதை மட்டும் விடச் சொல்லி அந்த இலாகாவுக்கு மனு அனுப்புவது என்று ஐந்து நிமிஷத்தில் முடிவாகிவிட்டது. அதன்பிறகு இரண்டு மணி நேரம், டெல்லியில் யாருக்கு யாரைத் தெரியும் என்பதுதான் பேச்சு. ஒருவர் தன் சகலைக்கு ஒரு கவர்னரின் சமையல்காரரைத் தெரியும் என்றார். இன்னொருவர் ஒரு முன்னாள் மந்திரியோடு ஒரே விமானத்தில் வந்ததாகச் சொன்னார், வேறு வேறு வரிசையாம். சங்கத்தின் செயலாளர் நான், சும்மா உட்கார்ந்திருந்தால் போதாதா? என் மச்சான் டெல்லி செக்ரடேரியட்டில்தான் இருக்கிறான் என்று சொல்லிவிட்டேன். பொய்யில்லை. நீ இருக்கிறாய். மீன் இலாகாவில் உதவிப் பிரிவு அதிகாரியாக இருக்கிறாய். பதினான்கு வருஷத்தில் உங்கள் மந்திரியை இரண்டே முறைதான் பார்த்ததாகவும், அதில் ஒரு முறை முதுகை மட்டும் பார்த்ததாகவும் நீயே சொன்னாய். அந்த விவரத்தையெல்லாம் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து என் நிலைமையே வேறு, மாப்பிள்ளை. தண்ணீர் லாரி முதலில் நம் வாசலில் நிற்கிறது. மளிகைக் கடையில் ஸ்டூல் போடுகிறார்கள். மூன்று வருஷமாக என்னோடு பேசாத எதிர்வீட்டுக்காரர் தன் பையனுக்கு மத்திய அரசுப் பள்ளியில் இடம் வேண்டும் என்று ஒரு டஜன் ஆப்பிளோடு வந்தார். பாபு ஆட்டோவை நடுப் பாதையில் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான். "இன்னா நைனா, ஒன் மச்சான் டெல்லில அம்மாம் பெரிய கையா? டெய்லி என் வண்டில குந்திகினு வர்ற, ஒரு வார்த்த சொன்னியா?" என்றான். உன் அக்கா பின் சீட்டில் இருந்துகொண்டு, அவன் அங்கே மீன் எண்ணிக்கொண்டிருக்கிறான் என்று சொல்ல வாயெடுத்தாள். நான் அவள் கையைப் பிடித்து அழுத்தினேன். ஊசி போட்ட கை. அதற்கு வேறு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மனுவை எடுத்துக்கொண்டு நம் எம்.பி.யின் அலுவலகத்துக்குப் போனோம். முதல் இரண்டு நாள் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துவிட்டுத் திரும்பினோம். மூன்றாம் நாள் உன்னைப் பற்றிச் சொன்னேன். பெஞ்சிலிருந்து நாற்காலிக்கு வந்தோம், நாற்காலியிலிருந்து ஏ.சி. அறைக்கு. அங்கே எம்.பி.யின் உதவியாளர் கிரண் என்று ஒரு இளைஞர், மேஜைமேல் மூன்று போன். என்னை டெல்லி விவரம் தெரிந்தவன் என்று நம்பி, நான் கேட்காமலே தொழில் ரகசியமெல்லாம் சொன்னார். சிபாரிசுக் கடிதத்தில் கடைசி வரியைப் பார்த்தால் போதுமாம். தக்க நடவடிக்கைக்கு அனுப்பப்படுகிறது என்று முடிந்தால் குப்பைக் கூடைக்கு அனுப்பப்படுகிறது என்று அர்த்தம். விதிகளுக்கு உட்பட்டுப் பரிசீலிக்கவும் என்றிருந்தால், செய்துவிடாதே என்று அர்த்தம். நான் இதில் தனிப்பட்ட அக்கறை கொண்டுள்ளேன் என்று இருந்தால்தான் அது கடிதம். மூன்று தினுசையும் வாங்குகிறவர்கள் ஒரே மாதிரிதான் கும்பிடுகிறார்கள், ஒரே மாதிரிதான் சால்வை போடுகிறார்கள் என்றார். நாற்பது வருஷமாக ஓட்டுப் போடுகிறேன், இது எனக்குத் தெரியாமல் போய்விட்டதே என்று உள்ளுக்குள் அடித்துக்கொண்டேன். நமக்கு மூன்றாவது தினுசுதான் கிடைத்தது.

கையெழுத்துப் போட எம்.பி.யே வந்தார். மற்றவர்களையெல்லாம் வெளியே அனுப்பினார், கிரணையும் சேர்த்து. கதவைச் சாத்தினார். போச்சு, நம் பித்தலாட்டம் தெரிந்துவிட்டது, போலீஸைக் கூப்பிடப் போகிறார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"சார், ஒங்க மச்சான் மூலமா யாராவது ஒரு மந்திரிகிட்ட எனக்குப் பத்து நிமிஷம் கெடைக்குமா? அஞ்சு மாசமா கேட்டுகினு கீறேன், ஒருத்தனும் உள்ள வுட மாட்டேன்றான்."

எந்த மந்திரி என்று கேட்டேன். யாராக இருந்தாலும் பரவாயில்லையாம். பேச ஒன்றும் இல்லையாம். பக்கத்தில் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால் போதுமாம். அந்தப் போட்டோ இல்லாததால் சொந்தக் கட்சியிலேயே தன் பேச்சு எடுபடவில்லை, தாசில்தார்கூட இப்போதெல்லாம் இரண்டாவது ரிங்கில் எடுப்பதில்லை என்றார். ஆறு சட்டசபைத் தொகுதி மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய மனுஷன், மாப்பிள்ளை. நான் யாரைப் பிடிக்க அவரிடம் போனேனோ, அவர் அதே ஆளைப் பிடிக்க என்னிடம் வருகிறார். நாங்கள் இரண்டு பேரும் பிடிக்கப் பார்த்தது உன்னை. அந்த நிமிஷத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். பேனா அவர் கையில் திறந்திருந்தது, கையெழுத்து இன்னும் விழவில்லை. சொல்லிப் பார்க்கிறேன் என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஒரு கடிதம் வாங்கிய ருசி லேசில் விடுமா? அடுத்த தொகுதி எம்.பி.யிடம் ஒன்று வாங்கினோம். ராஜ்ய சபா உறுப்பினர் ஒருவர் திருமழிசையில் ஒரு கம்பெனியைத் திறந்து வைக்க வந்தபோது, அவருடைய டிரைவர் நமக்குப் பக்கத்துச் சேக்காட்டுக்காரர் என்பதால், கார் பானட்டின்மேல் பேப்பரை வைத்துக் கையெழுத்து வாங்கினோம். முன்னாள் மந்திரி ஒருவர், அவரும் இப்போது ராஜ்ய சபாவில் இருக்கிறார், காதுகுத்துக்கு வந்த இடத்தில் கொடுத்தார். ஐந்தாவது, கிருஷ்ணப்பிரியாவோடு வேலை பார்க்கும் அபிஷேக்கின் பெரியப்பா, வடக்கே எங்கேயோ எம்.பி. திருமுல்லைவாயில் எந்த மாநிலத்தில் இருக்கிறது என்று கேட்டுவிட்டு எழுதிக் கொடுத்தார். ஒவ்வொரு கடிதம் போகும்போதும் நகரில் லட்டு. உன் போட்டோ போட்டு பேனர் வைக்க வேண்டும் என்று ஒரு கோஷ்டி கிளம்பியது, உன் கல்யாணப் போட்டோவைத் தர மறுத்துத் தடுத்தேன். இதற்கிடையில் கிருஷ்ணப்பிரியா, எதற்கும் இருக்கட்டும் என்று, அந்த இலாகாவில் நம் விஷயமாக என்னதான் எழுதியிருக்கிறார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் நகல் கேட்டு ஒரு விண்ணப்பம் போட்டாள். அதற்குப் பதில் இன்னும் வரவில்லை.

திங்கட்கிழமைதான் தலையில் இடி விழுந்தது. கிரண், டெல்லியில் தனக்குத் தெரிந்த ஒருவர் மூலம், நம் ஃபைல் எந்தெந்தத் தேதியில் எந்தெந்த மேஜைக்குப் போனது என்ற விவரத்தை வாங்கி அனுப்பியிருந்தார். இணைச் செயலாளர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். தங்கமான மனுஷராம், மனு கொடுக்க வருகிறவர்களை உட்காரச் சொல்லிப் பேசுவாராம். முப்பத்தோராம் தேதி அவருக்கு மாற்றல். அதற்குள் கையெழுத்தாகாவிட்டால் அடுத்து வருகிறவர் எப்படியோ என்று எழுதியிருந்தார். அந்தத் தேதிகளை எடுத்துக்கொண்டு ஜம்புலிங்கம் வீட்டுக்குப் போனேன். உனக்கு அவரைத் தெரியும், கோடி வீடு, மத்திய சர்க்கார் ஆபீஸில் முப்பத்துநான்கு வருஷம் கடிதப் போக்குவரத்து பார்த்து ரிட்டையர் ஆனவர். அவர் மூக்குக் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு, நாம் கடிதம் அனுப்பிய தேதிகளை எழுதச் சொன்னார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பிறகு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, டாக்டர் சொந்தக்காரர்களை வெளியே கூப்பிடுவதற்கு முன் பார்க்கும் பார்வை.

எம்.பி. எழுதிய கடிதத்துக்குப் பதில் போட்டே ஆக வேண்டுமாம், அதற்குக் கெடு உண்டாம். பதில் எழுத ஃபைல் வேண்டும். ஆகவே ஃபைல் எந்த மேஜையில் இருந்தாலும், கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்திருந்தாலும், அதைக் கீழே பிரிவுக்கு இறக்கி, பதிலுக்கு வரைவு எழுதி, ஒவ்வொரு படியாக ஏற்றி, பெரியவர் கையெழுத்தோடு எம்.பி.க்குப் பதில் போன பிறகுதான் ஃபைல் பழைய வேலையைப் பார்க்க முடியும். இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில்தானே என்றேன். கம்ப்யூட்டரில் படி ஏறினாலும் படி படிதான் என்றார். மேலே இருக்கிறவர்கள் ஆள்கிறார்கள் என்று நாம் நினைக்கிறோம், இணைச் செயலாளர் துணைச் செயலாளர் எழுதியதில் கையெழுத்துப் போடுகிறார், அவர் சார்புச் செயலாளர் எழுதியதில், அவர் பிரிவு அதிகாரி எழுதியதில், பிரிவு அதிகாரி போன வருஷத்து நகலை எடுத்துத் தேதியை மாற்றுகிறார், கடைசியில் தேசத்தை நடத்துவது போன வருஷத்து நகல்தான் என்று ஒரு பிரசங்கமே செய்தார். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. ஐந்து முறை நம் ஃபைல் இணைச் செயலாளர் மேஜை வரை போயிருக்கிறது. ஐந்து முறையும் அது போய்ச் சேர்ந்த ஓரிரு நாளில் நம் கடிதம் ஒன்று போய் அதைக் கீழே இழுத்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் சராசரியாகப் பத்தொன்பது நாள் வீண். நான் சும்மா வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருந்திருந்தால், சித்திரையிலேயே பாதைக்குக் கையெழுத்தாகியிருக்கும்.

வீட்டுக்கு வந்து உன் அக்காவிடம் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. எனக்காகத்தானே அலைஞ்சீங்க, விடுங்க என்றாள். அவள் திட்டியிருந்தால் நான் சாப்பிட்டிருப்பேன். நாற்பது வருஷம் அம்பத்தூர் எஸ்டேட்டில் சூப்பர்வைசராக இருந்து, ஓடுகிற மிஷினில் கை வைக்காதே என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது, மாப்பிள்ளை. மழைக்காலத்துக்கு இன்னும் இரண்டு மாதம்தான் இருக்கிறது.

இப்போது உன் வேலைக்கு வருகிறேன். முதலாவது: வருகிற வியாழக்கிழமை நம் எம்.பி. டெல்லிக்கு வருகிறார். எனக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, தன்னோடு தங்கும் வேறொரு மாவட்டத்து எம்.பி.யிடம் ஆறாவது கடிதம் ஒன்று வாங்கி வைத்திருக்கிறார். அதைத் தன் கையாலேயே அந்த இலாகாவில் கொடுக்கப் போகிறார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், என் தன்னடக்கத்தைப் பாராட்டினார். ஃபைல் இப்போது மறுபடியும் மேலே போய்க்கொண்டிருக்கிறது. ஆறாவது கடிதம் உள்ளே போனால் அது கீழே இறங்கும், முப்பத்தோராம் தேதி தாண்டும், அந்த நல்ல மனுஷர் போய்விடுவார். ஆகவே நீ அவரை எப்படியாவது மறித்து, சாப்பிடக் கூட்டிப் போயோ, தாஜ்மகாலுக்குக் கூட்டிப் போயோ, அந்தக் கடிதம் அந்தக் கட்டடத்துக்குள் நுழையாமல் பார்த்துக்கொள். அவர் உன்னைப் பார்த்ததும் மந்திரியைப் பற்றிக் கேட்பார். மீன் என்ற வார்த்தையை எடுக்காதே.

இரண்டாவது: உன் இலாகாவிலிருந்து அந்த இலாகாவுக்கு மாற்றலாகிப் போனவர்கள் யாராவது இருப்பார்கள். யாரையாவது பிடித்து, எந்தச் சிபாரிசும் வேண்டாம், ஃபைலை ஒரே மூச்சில் மேலே அனுப்புங்கள், கையெழுத்தாகட்டும் என்று காலில் விழாத குறையாகக் கேள். சிபாரிசை எல்லாம் ஒதுக்கச் சொல்லவும் ஒரு சிபாரிசு வேண்டியிருக்கிறது பார், அது உன்னால்தான் ஆக வேண்டும். உன் அக்காவுக்காகச் செய்.

ரேஷ்மாவுக்கு என் அன்பைச் சொல். குழந்தைக்கு முத்தம். தெரிந்தோ தெரியாமலோ உன் பெயரை நான் ஏலம் விட்டதை மன்னித்துக்கொள். நீ நீண்ட ஆயுளோடும், குறைந்த மீட்டிங்கோடும், பதவி உயர்வோடும் வாழ உன் அக்காவும் நானும் ஆசி கூறுகிறோம்.

இப்படிக்கு,
உன் மாமா,
சூ. ஜெயராமன்
(செயலாளர், முல்லைக்கொடி நகர் நலச் சங்கம். ராஜினாமாக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன்.)

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் செய்யாதே. ஒன்றைக்கூடச் செய்யாதே. இந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதலாம் என்றால் ஸ்பீடு போஸ்ட் கவுண்டரை மூட இன்னும் நாற்பது நிமிஷம்தான் இருக்கிறது, அதற்குள் இத்தனையும் திருப்பி எழுத முடியாது. கவரை ஒட்டப் போகும்போது தபால்காரர் வந்து, அந்த இலாகாவிலிருந்து தகவல் உரிமைச் சட்டப் பதில் என்று ஒரு கட்டைக் கொடுத்தார். பதினான்கு பக்கம், ஃபைலின் முழு நகல். கிருஷ்ணப்பிரியா படித்தாள், ஜம்புலிங்கத்தை வரச் சொல்லி அர்த்தம் கேட்டோம். மாப்பிள்ளை, அது பாதைக்கான ஃபைலே இல்லை. சுவருக்கான ஃபைல். நம் பாதைக்கென்று தனி ஃபைலே கிடையாது, நம் மனு ஒன்பதாவது பக்கத்தில் இருக்கிறது, அதன் ஓரத்தில் கோப்பில் வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி, அதாவது ஒன்றும் செய்ய வேண்டாம் என்று அர்த்தமாம். சுற்றிலும் எட்டடி உயரம், எங்கேயும் இடைவெளி கூடாது என்று பிரிவில் எழுதி, எல்லோரும் ஒப்புக்கொண்டு, அந்தத் தங்கமான மனுஷரின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. நான்காவது முறை ஃபைல் கீழே இறங்கியபோது, ஏன் இந்தத் தாமதம், சுவர் வேலையை உடனே ஆரம்பிக்க வேண்டும் என்று அவரே தன் கையால் எழுதியிருக்கிறார்.

ஜம்புலிங்கம் கண்ணாடியைக் கழற்றினார். "செவுரு இன்னும் எழும்பாம நிக்கறதே ஒங்க லெட்டராலதான் சார்" என்றார். சித்திரையில் எழும்பியிருக்க வேண்டிய சுவர். இத்தனை செவ்வாயும் வியாழனும் சனியும் நாங்கள் ஏழு நிமிஷத்தில் போய் வந்தது அதனால்தான்.

ஆகவே இப்போது நீ செய்ய வேண்டியது: ஃபைலை மேலே அனுப்பச் சொல்லி யாரிடமும் வாயைத் திறக்காதே. வியாழக்கிழமை எம்.பி.யை நீயே போய் வரவேற்று, ஆறாவது கடிதம் பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்து, அந்தக் கட்டடத்தின் வாசல் வரை கூடவே போய் உள்ளே அனுப்பிவிட்டு வா. முப்பத்தோராம் தேதி அந்த நல்ல மனுஷர் சந்தோஷமாக மாற்றலாகிப் போகட்டும். எம்.பி.க்கு மந்திரியோடு போட்டோ கட்டாயம் வேண்டும், அதற்கு உன் மீன் மந்திரியே போதும், எந்த வழியிலாவது ஏற்பாடு செய். அந்தப் போட்டோ கிடைத்தால், மற்ற எம்.பி.க்களிடமெல்லாம் அவரே நமக்குக் கடிதம் வாங்கித் தருவார். ஒரே ஆள் இரண்டாம் முறை எழுதினால் நினைவூட்டல் என்று சேர்த்துக் கட்டிவிடுவார்களாம், ஃபைல் இறங்காதாம். ஒவ்வொரு முறையும் புது ஆள் எழுத வேண்டும் என்று ஜம்புலிங்கம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

உன் அக்கா இதுவரை சும்மா கேட்டுக்கொண்டிருந்தாள். மொத்தம் எத்தனை எம்.பி. இருக்காங்கம்மா என்று கிருஷ்ணப்பிரியாவைக் கேட்டாள். லோக் சபாவில் ஐநூற்று நாற்பத்து மூன்று. ராஜ்ய சபாக்காரர்கள் இரண்டு பேரை விட்டுவிட்டு, ஆறாவது கடிதத்தையும் சேர்த்து நாம் வாங்கிய நான்கு பேரைக் கழித்தால் ஐநூற்று முப்பத்தொன்பது பேர் பாக்கி. ஆளுக்குப் பத்தொன்பது நாள். கிருஷ்ணப்பிரியா போனில் தட்டிப் பார்த்து இருபத்தெட்டு வருஷம் என்றாள். உன் அக்காவுக்கு இப்போது அறுபத்தொன்று. எண்பத்தொன்பது வயது வரைக்கும் பாதை இருக்கு, அதுக்கு மேல ராஜ்ய சபாவைப் பார்த்துக்கலாம் என்று சொல்லிவிட்டு, நாளைக்குச் சனிக்கிழமை, ஆறு மணிக்கு மேல் கிளம்பினால் போதும் என்று பாபுவுக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கிறாள்.